ஏரியில் தூண்டில் போட இடம் பார்ப்பது எப்படி: செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஏரிகளுக்கான கையேடு

தூண்டிலுக்கு இடம் பார்க்க நல்ல காலம் மே, ஜூன். அப்போது ஏரி அடிமட்டத்துக்கு வற்றியிருக்கும். உள்வாயில், அதாவது கரைக்கு எதிர்ப்புறத்து ஆழமற்ற பகுதியில், மாடு மேயும். நடந்துபோனால் எங்கே பள்ளம், எங்கே மேடு, எந்தக் கருவேல மரத்தின் வேர் அரித்து வெளியே நிற்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். டிசம்பரில் பத்தடித் தண்ணீர் நின்றபின் இதே தரையைத் தேட வேண்டுமானால் ஈயத்தைக் கட்டிவிட்டு மணிக்கணக்கில் தடவிப்பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் வேலை, வற்றிய ஏரியில் ஒரு காலைப் பொழுது நடப்பது. கைப்பேசி வரைபடத்தில் ஒவ்வொரு பள்ளத்தையும் மரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து எத்தனை அடி தொலைவு, எந்தப் பனைமரத்துக்கு நேர் என்பதையும் எழுதுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு பனைமரமும் மதகும்தான் உங்களுக்கு அடையாளம்.

ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய பகுதி இது. நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே, பிறை வடிவில் மண்கரை போட்டு மழைநீரை நிறுத்தியதுதான் இங்குள்ள ஏரி. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று தனி வாரியத்தையே சொல்கின்றன. ஏரிப் பராமரிப்புக்கு இங்கே அவ்வளவு பழைய மரபு உண்டு. தூண்டில்காரருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. மனிதர் கட்டிய நீர்நிலை என்பதால் எல்லா ஏரியும் ஒரே அமைப்புதான்: கரை, பாசன நீரைத் திறந்துவிடும் மதகு, மிகை நீர் வழியும் கலங்கல், நீர் வந்துசேரும் வரத்துக் கால்வாய், உள்வாய். ஓர் ஏரியைப் படிக்கக் கற்றவருக்கு அடுத்த ஊர் ஏரியில் பாதி வேலை மிச்சம்.

முதலில் அனுமதி

தூண்டில் கம்பை எடுக்கும் முன் இதை முடித்துக்கொள்ளுங்கள். இங்குள்ள ஏரிகளில் மீன்பாசி உரிமை (மீன்பிடிக்கும் உரிமை) பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுகிறது. பெரிய ஏரி என்றால் அரசுத் துறை வழியாகவும், சிறிய ஏரி, குளம் என்றால் உள்ளாட்சி வழியாகவும் ஏலம் நடக்கும். குத்தகைக் கணக்கு பெரும்பாலும் பசலி ஆண்டுப்படி, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜூலையில் குத்தகைதாரர் மாறியிருக்கலாம் என்பதால், போன ஆண்டு பெற்ற வாய்மொழி அனுமதியை நம்பிப் போகாதீர்கள். ஊராட்சி அலுவலகத்திலோ, மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியிடமோ கேட்டால் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் ஓடும் ஆற்று நீரில் முட்டையிடும் இனங்கள். தேங்கிய ஏரியில் அவை தாமாகப் பெருகுவதில்லை. உங்கள் முள்ளில் மாட்டும் கட்லா பெரும்பாலும் யாரோ காசு கொடுத்து வாங்கிவிட்ட குஞ்சு என்று பொருள். பேசும்போதே "கட்லா, ரோகு மாட்டினால் எடைபோட்டுக் காசு தரட்டுமா, திரும்ப விட்டுவிடட்டுமா?" என்று கேட்டு முடிவு செய்துகொண்டால் பிறகு சண்டை வராது. விராலும் ஜிலேபியும் தாமாகப் பெருகுபவை என்றாலும் குத்தகை உரிமை அவற்றையும் சேர்த்ததுதான்.

சில நீர்நிலைகளை அறவே விட்டுவிட வேண்டும். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பறவைகள் சரணாலயங்கள். அங்கே தூண்டிலுக்கு இடமே இல்லை. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஆகியவை சென்னைக்குக் குடிநீர் தருபவை. காவல் உள்ள இடங்கள், கரையேறிக் கம்பு போடும் எண்ணத்தோடு போக வேண்டாம். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். மின்சாரம் பாய்ச்சி மீன்பிடிப்பவர் யாராவது ஏரியில் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் கால் வைக்காமல் வீடு திரும்புங்கள். உயிர் போகும்.

கரையும் அதன் அடிக்காலும்

நிலச்சரிவின்படி கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். ஏரியின் ஆழமான நீர் கரையை ஒட்டியே நிற்கும். மேற்கே போகப்போக ஆழம் குறைந்து உள்வாயில் முழங்கால் அளவாகும். புதிதாக வருபவர்கள் ஆழம் ஏரியின் நடுவில் இருக்கும் என்று நினைத்து எட்டிய மட்டும் வீசுவார்கள். மீன் அவர்கள் காலடியிலேயே போய்வந்துகொண்டிருக்கும்.

கரையின் உள்பக்கம் அலை அரிக்காமல் கருங்கல் பதித்திருப்பார்கள். அந்தக் கல் இடுக்குகளில் ஜிலேபி, ஆரால், கெளுத்தி, உளுவை இருக்கும். கற்சரிவு முடிந்து சேற்றுத் தரை தொடங்கும் அடிக்கால் கோடுதான் பெரிய மீன் நடமாடும் பாதை. அதைக் கண்டுபிடிக்க, முள்ளில் சிறு ஈயத்தைக் கட்டி இறக்குங்கள். தக்கை மூழ்கினால் தக்கையை மேலே ஏற்றுங்கள். படுத்துக் கிடந்தால் கீழே இறக்குங்கள். தக்கை நிமிர்ந்து நுனி மட்டும் தெரியும்போது, தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள நீளமே ஆழம். கரையிலிருந்து இரண்டிரண்டு அடியாகத் தள்ளிப் போட்டு அளந்தால் ஆழம் கூடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிலைக்கும். ஆழம் நிலைக்கத் தொடங்கும் அந்த இடமே அடிக்கால். தூண்டிலை அதற்கு ஓரடி அப்பால் நிறுத்துங்கள். இப்பால் நிறுத்தினால் ஈயம் கல் இடுக்கில் போய் உட்கார்ந்து நரம்பு (தூண்டில் நூல்) அறுந்துவிடும்.

கரையை உயர்த்தவும் பழுதுபார்க்கவும் மண் எடுத்த பள்ளங்கள் கரைக்கு உள்பக்கமே வரிசையாகக் கிடக்கும். வண்டல் எடுத்த குழிகள் உள்வாய்ப் பக்கத்திலும் உண்டு. மார்ச்சுக்குப் பிறகு தண்ணீர் இறங்க இறங்க மீன் முழுவதும் இந்தப் பள்ளங்களுக்குள் ஒடுங்கும். வற்றிய ஏரியில் நடந்து குறித்துவைத்த புள்ளிகள் அப்போதுதான் பலன் தரும். பொக்லைன் வெட்டிய குழிக்குச் சரிவு கிடையாது. முழங்கால் தண்ணீரிலிருந்து அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழம் வரும். ஏரியில் இறங்கி நடந்து தூண்டில் போடும் பழக்கம் உள்ளவர்கள் கையில் நீண்ட கழியால் தரையைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். நீந்தத் தெரியாதவர் இறங்கவே கூடாது.

மதகு

மதகு இருக்கும் இடம் கரையோரத்தில் மிகத் தாழ்ந்த தரை. ஏரி எவ்வளவு இறங்கினாலும் மதகடியில் கொஞ்சம் நீர் நிற்கும். மதகுச் சுவரில் அடிக்கணக்கில் எழுதிய அளவுகோலைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

மதகு மூடியிருக்கும் நாளில் அதன் இருபுறச் சுவர் நிழலில் கெளுத்தியும் விராலும் நிற்கும். சுவரை ஒட்டி இறக்குவதே சரி. பாசனத்துக்குத் திறந்த நாளில் நீரோட்டம் மதகை நோக்கிப் போகும், அதோடு இரையும் போகும், இரைக்குப் பின்னால் மீனும் போகும். அப்போது மதகிலிருந்து 20, 30 அடி தள்ளி உட்கார்ந்து, நீரோட்டம் உங்கள் இரையை மதகுப் பக்கம் இழுத்துச் செல்லும்படி விடுங்கள். மதகு வாய்க்குள் இரை போய்விடாமல் பத்தடிக்கு முன்பே திரும்ப இழுத்துவிடுங்கள். திறந்திருக்கும் மதகருகே ஒருபோதும் தண்ணீரில் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் ஆளை இழுத்துத் துளைவாயில் அழுத்திவிடும். மாட்டிய முள்ளை எடுக்க இறங்கி இறந்தவர்கள் உண்டு. முள் இரண்டு ரூபாய்.

கரைக்கு வெளியே, மதகு நீர் விழும் குழியை மறந்துவிடாதீர்கள். ஏரியிலிருந்து தப்பிய குஞ்சும் வாய்க்காலில் ஏறிவந்த கெண்டையும் கெளுத்தியும் அந்தச் சிறிய குழியில் அடைந்து கிடக்கும். சிறுவர்களும் முதல்முறை தூண்டில் பிடிப்பவர்களும் தொடங்க ஏற்ற இடம் அது, மதகு மூடியிருக்கும் நாளில் மட்டும்.

கலங்கலும் வரத்துக் கால்வாயும்

ஏரி நிரம்பி மிகை நீர் வழியும் இடம் கலங்கல். தெற்கே கலிங்கு என்பார்கள். இந்தப் பகுதி ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கல் நீர் கீழ் ஏரிக்கு வரத்து. அதனால் நவம்பர், டிசம்பரில் கலங்கல் வழியும்போது கீழேயுள்ள மீன் நீரை எதிர்த்து மேலே ஏற முயலும். கலங்கல் சுவரைத் தாண்ட முடியாமல் அதன் கீழுள்ள பள்ளத்தில் கூட்டமாக நிற்கும். நுரை பொங்கும் நடுப்பகுதியை விட்டுவிட்டு, அதன் இரு ஓரங்களிலும் நீர் சுழன்று திரும்பி வரும் அமைதியான பகுதியில் போடுங்கள். மீன் நிற்பதும் ஓய்வதும் அங்கேதான்.

இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். முதல் பெருமழையில் எதிரேறும் கெண்டைகளின் வயிறு முட்டையால் உப்பியிருக்கும். வலையும் கூடையும் வைத்து அவற்றை அள்ளுவதால்தான் பல ஏரிகளில் நாட்டுக் கெண்டை வகைகள் அரிதாகிவிட்டன. முதல் வெள்ளம் வந்த இரண்டு வாரம் கலங்கலையும் வரத்துக் கால்வாயையும் சும்மா விட்டுவிடுங்கள். ஏறட்டும். அதற்குப் பின் வரத்துக் கால்வாய் ஏரியில் கலக்கும் வாய்தான் நல்ல இடம். கலங்கிய நீரும் தெளிந்த நீரும் சேரும் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கம், ஓரடி தள்ளி, மண்புழு.

மதுராந்தகம் போன்ற பெரிய ஏரியில் கலங்கலில் கதவுகள் உண்டு. அங்கிருந்து திறந்துவிடும் நீர் கிளியாற்றில் இறங்கிப் பாலாற்றை நோக்கிப் போகிறது. வெள்ள எச்சரிக்கை நாளில் கிளியாற்றுப் படுகையில் நிற்காதீர்கள். கதவு திறந்தால் நீர்மட்டம் சட்டென ஏறும்.

உள்வாய்

உள்வாயில் மரங்களும் கோரையும் சம்பும் அல்லியும் உண்டு. வனத்துறை நட்ட கருவேல மரங்கள் பல ஏரிகளில் மார்பளவு நீரில் நிற்கின்றன. மேலே நீர்க்காகமும் நாரையும் கூடு கட்ட, கீழே எச்சம் விழுந்து நீர் செழிக்கிறது. பூச்சியும் சிறுமீனும் அங்கே திரள்கின்றன. பறவை அடைந்திருக்கும் மரத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள். மனிதர் நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பிவிடும், குஞ்சு வெயிலில் வாடும்.

பறவை இல்லாத மரத்தடியும், கோரைக்கும் திறந்த நீருக்கும் இடைப்பட்ட ஓரமும், அல்லி இலைகளுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டளவு தெரியும் இடைவெளியும் விராலுக்கு உரிய இடங்கள். ஆகாயத்தாமரை கடலாக மூடிய ஏரியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதன் அடியில் ஆக்சிஜன் குறைந்து கட்லா, ரோகு போன்றவை விலகிவிடும்; காற்றைக் குடித்து வாழும் விரால், குறவை, தேளிதான் மிஞ்சும், அவற்றுக்கும் தூண்டில் எட்டாது.

மாதமும் காற்றும்

அக்டோபர் நடுவில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓயும். புது நீர் கலங்கலாக இருக்கும்போது மண்புழு, கோழிக் குடல் போன்ற வாசனையுள்ள இரைதான் எடுபடும். மாவுருண்டையை மீன் தேடி வராது. கெளுத்திக்கு ஏற்ற காலம் இது. ஜனவரி, பிப்ரவரியில் நீர் தெளியும், விடியலில் குளிரும். காலை எட்டு மணிக்கு முன் மீன் மந்தமாக இருக்கும். வெயில் ஏறியபின் பத்து மணியளவில்தான் ஆழமற்ற உள்வாய்ப் பக்கம் நகரும். மார்ச் முதல் மே வரை நீர் இறங்கும் காலம். மீன் பள்ளத்தில் ஒடுங்குவதால் தூண்டிலுக்கு இதுவே அறுவடை. ஆனால் குத்தகைதாரர்கள் வலை இறக்குவதும் நீர் வடியும் இந்த நாட்களில்தான். வலை போட்ட பின் ஒரு வாரத்துக்கு எஞ்சிய மீன் மிரண்டு கிடக்கும், போக வேண்டாம்.

கோடையில் ஒரு காட்சியைப் பார்த்து ஏமாறாதீர்கள். விடியலில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நிறைய மீன் இருக்கிறதே என்று அவசரமாகத் தூண்டில் போட்டால் ஒன்றும் கடிக்காது. இரவெல்லாம் பாசியும் உயிரினங்களும் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிட்டதால் அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. வெயில் வந்து பாசி மீண்டும் ஆக்சிஜன் விடத் தொடங்கியபின், எட்டரை ஒன்பது மணிக்குப் போடுங்கள். மேகம் மூடிய நாளுக்கு அடுத்த விடியலில் இந்தத் தவிப்பு அதிகம்.

காற்று எந்தக் கரைக்கு அடிக்கிறதோ அங்கே மேல்நீரும் நுண்ணுயிர்களும் போய்ச் சேரும். கட்லா அதைத் தொடரும். கரை கிழக்கில் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடித்து மிதப்பதைத் தென்மேற்கு உள்வாய்க்குத் தள்ளும். கோடையில் பிற்பகல் கடற்காற்றும் அப்படியே கரையிலிருந்து உள்வாய்ப் பக்கம் தள்ளும். ஜூன், ஜூலையில், வற்றாமல் நீர் நிற்கும் ஏரியில் மேல்காற்று வீசும்போதுதான் கரையே மீனுக்கு விருந்துக் கூடம்; கற்களில் அலை மோதும் இடத்தில் போடுங்கள்.

நிழலையும் பாருங்கள். கிழக்குக் கரையில் காலையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னே. உங்கள் நிழல் நீண்டு தண்ணீரில் விழும். தெளிந்த நீரில் ஜிலேபி அதைக் கண்டதும் சிதறும். பனைமர நிழலுக்குள் உங்கள் நிழல் அடங்கும்படி உட்காருங்கள், அல்லது கரைச் சரிவில் தாழ இறங்கி உட்காருங்கள். மாலையில் எதிர்வெயில் கண்ணைக் கூசச் செய்து தக்கை தெரியாது. அப்போது மதகுச் சுவர் போன்ற வடக்கு, தெற்கு நோக்கிய இடத்துக்கு மாறிக்கொள்வது நல்லது.

விரால்

விரால் காற்றைக் குடிக்கும் மீன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கும். 'க்ளப்' என்ற ஒலியும் சிறு வட்டமும் கேட்கும், தெரியும். பதினைந்து நிமிடம் கம்பைத் தொடாமல் உட்கார்ந்து எந்த இடைவெளியில் அது எழுகிறது என்று பாருங்கள். அதே மீன் அதே வட்டாரத்தில் மீண்டும் எழும்.

இதற்கு ரப்பர் தவளை நல்லது. உயிர்த்தவளையைக் கோர்க்கத் தேவையில்லை. கம்பு ஆறரை முதல் ஏழடி, கொஞ்சம் விறைப்பானது. நரம்பு மெல்லியதாக இருந்தால் அல்லித் தண்டில் சுற்றி அறுந்துவிடும். 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் போடுங்கள். விரால் எழுந்த இடத்தின் மேலேயே தவளையைப் போட்டால் பயந்து ஓடும். மூன்று நான்கடி அப்பால் போட்டு இலைகளின் மேல் இழுத்து வந்து, இடைவெளியில் இறக்கி, மூன்று முதல் ஐந்து எண்ணும்வரை அசையாமல் விடுங்கள். பிறகு ஒரு சிறு துடிப்பு. பெரும்பாலும் அங்கேதான் அடிக்கும்.

அடித்த ஒலி கேட்டவுடன் இழுப்பதால்தான் பத்தில் பாதி தப்புகிறது. விரால் தவளையைக் கவ்வித் திரும்பி இறங்கிய பின்புதான் முள் வாய்க்குள் போகும். கம்பு நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றியெடுத்து, இரண்டு எண்ணி, பிறகு பலமாக இழுங்கள். மாட்டியதும் விளையாடவிடாதீர்கள், நிறுத்தாமல் சுற்றி இலைக்கு மேலே கொண்டுவர வேண்டும். ஒரு நொடி தளர்ந்தால் வேருக்குள் புகுந்துவிடும்.

நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோலத் திரண்டு புரண்டுகொண்டிருந்தால் அடியில் தாய் தந்தை காவல் நிற்கின்றன. எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் அரைமணி நேரத்தில் அந்தக் குஞ்சுகளைக் கெண்டையும் பாம்பும் தின்று தீர்த்துவிடும். அந்த இடத்தை விட்டு விலகி நடங்கள்.

கெண்டை வகைக்கு மாவு

கட்லாவின் வாய் மேல்நோக்கியது, மேல்நீரில் மேயும். ரோகு நடுநீர். மிருகாலும் சாதாக் கெண்டையும் அடித்தரை. எட்டடி ஆழத்தில் ரோகு வேண்டுமானால் ஐந்தடியில் முள் நிற்கட்டும். மிருகாலுக்கு முள் தரையைத் தொட்டுக் கிடக்கட்டும். கட்லாவுக்கு இரண்டு மூன்றடி போதும். ஒரே ஆழத்தில் நாள் முழுக்கப் போட்டுவிட்டு மீனே இல்லை என்று சொல்வது வழக்கமான தவறு.

தூவும் இரை: கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோ, லேசாக வறுத்துப் பொடித்தது, தவிடு கால் கிலோ, கோதுமை மாவு கால் கிலோ, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிடி கொழுக்கட்டைப் பதத்தில் பிசையுங்கள். எலுமிச்சையளவு உருண்டையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் உடைய வேண்டும். அதற்கு முன்பே கரைந்தால் மாவு சேருங்கள். உடையாமல் கல்லாகக் கிடந்தால் தவிடு சேருங்கள். தொடக்கத்தில் ஐந்தாறு உருண்டை, பிறகு அரைமணிக்கு ஒன்று. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் மீன் வயிறு நிரம்பி உங்கள் முள்ளைச் சீண்டாது.

முள்ளில் வைக்கும் மாவு வேறு. நூறு கிராம் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டி, கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்துப் போட்டு மீண்டும் பிசையுங்கள். பஞ்சு இழை மாவைப் பிடித்துக்கொள்ளும். வீசும்போது கழன்று விழாது, சில்லறைக் கெண்டை கொத்தியும் கரையாது. சுண்டைக்காய் அளவு போதும். முள்முனை மாவுக்குள் மறைந்தாலும் அழுத்தினால் வெளிவரும்படி இருக்க வேண்டும். மாவு இறுகிப்போனால் மீன் இழுக்கும், முள் பதியாது. தக்கை நான்கைந்து முறை போய்வந்தும் ஒன்றும் மாட்டவில்லை என்றால் காரணம் இதுதான்.

முள் அளவு: ரோகு, மிருகாலுக்கு 4 அல்லது 2-ஆம் எண், ஜிலேபிக்கு 8, சிறு கெண்டைக்கு 12. எண் கூடக்கூட முள் சிறுக்கும் என்பதைக் கடையில் வாங்கும்போது மறக்காதீர்கள். நரம்பு 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர், சிறுமீனுக்கு 0.20 போதும். ஏரியிலேயே விளையும் நெட்டியில் செய்த தக்கை கடைத் தக்கையைவிட நுட்பமாகக் காட்டும். சுண்டுவிரல் நீளம் வெட்டி, நுனிக்குச் சிவப்பு வண்ணம் பூசுங்கள். நுனி மட்டும் நீருக்கு மேல் நிற்கும்வரை ஈயம் சேர்க்க வேண்டும். ரோகு தக்கையை மெல்ல நகர்த்திப் பிறகு மூழ்கடிக்கும், மூழ்கும்போது இழுங்கள். சாதாக் கெண்டை சில சமயம் தக்கையைத் தூக்கிப் படுக்கவைக்கும், அதுவும் கடிதான்.

மற்றவை

ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன். இப்போது எல்லா ஏரியிலும் உண்டு. ஓரிரு அடி ஆழமுள்ள தெளிந்த நீரில் தரையில் வட்ட வட்டமாகக் குழி தெரிந்தால் அது ஜிலேபி பறித்த கூடு. குழியின் ஓரத்தில் ஒரு துண்டு மண்புழு போதும். இதை எவ்வளவு பிடித்தாலும் ஏரிக்குக் கேடில்லை. நாட்டுமீனுக்கு இடம் கிடைக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடாதீர்கள், உயிரோடு வேறு நீருக்கும் கொண்டுபோகாதீர்கள். வளர்க்கத் தடை செய்யப்பட்ட இனம், ஏரியில் உள்ளதையெல்லாம் தின்னும்.

கெளுத்திக்கும் தேளிக்கும் இருட்டிய முதல் இரண்டு மணி நேரம், மதகோரம், மண்புழுக் கொத்து. தூண்டில் முள்ளைக் கழற்றும்போது கெளுத்தியின் முதுகு முள்ளும் இரு பக்க முள்ளும் விரல்களுக்கு இடையே வரும்படி பின்னாலிருந்து பிடியுங்கள். தேளியைக் கையால் தொடவே வேண்டாம். துணியால் அழுத்தி, நீண்ட மூக்குக் குறடால் கழற்றுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் கடுப்பு தணியும். குத்துபட்ட கை மரத்திருக்கும் என்பதால் சூட்டை மற்றொரு கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனை.

கிராஃபைட் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கரையோர மின்கம்பிகளுக்குக் கீழே அதை நிமிர்த்தாதீர்கள். இடி இடித்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரையின் வெளிப்பக்கம் இறங்குங்கள், பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள். அறுந்த நரம்பை முழுவதும் சுருட்டி எடுத்து வாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலில் தங்கும் பறவைகள் இரைக்கு வருவது சுற்றியுள்ள இந்த ஏரிகளுக்குத்தான். கோரையில் கிடக்கும் ஒரு முழம் நரம்பு ஒரு நாரையின் காலைக் கட்டிவிடும். ஆமை மாட்டினால் இழுத்துப் பிடுங்காமல், முள் மேலோடு இருந்தால் குறடால் எடுத்து, உள்ளே போயிருந்தால் நரம்பை வாயோரமாக வெட்டி விட்டுவிடுங்கள்.

மதகின் அளவுகோல் எண்ணைக் குறிக்கச் சொன்னோமே. ஒவ்வொரு மீனுக்கும் நேராக மூன்றை எழுதுங்கள்: அளவுகோல் காட்டிய அடி, பிடித்த இடம், முள் நின்ற ஆழம். மழை ஒவ்வோர் ஆண்டும் முன்னே பின்னே வருவதால் தேதி உங்களை ஏமாற்றும். நீர்மட்டம் ஏமாற்றாது. ஒன்பதடியில் இருந்தபோது மூன்றாவது பனைக்கு நேரே உள்ள பள்ளத்தில் மிருகால் கிடைத்தது என்றால், அடுத்த ஆண்டு அது பிப்ரவரியோ ஏப்ரலோ, அளவுகோல் ஒன்பதுக்கு இறங்கும் வாரத்தில் முதலில் அங்கே போய் உட்காருங்கள். தூர்வாரிய ஏரி என்றால் மட்டும் பழைய குறிப்பை ஓரம் வைத்துவிட்டு, மே மாதத்தில் மறுபடி ஒரு காலை நடந்துவிட்டு வாருங்கள்.